பாலத்தைப் பற்றி இருநூறு சொற்கள்

நகராட்சி கேட்டது அவ்வளவுதான்:
பாலத்தைப் பற்றி இருநூறு சொற்கள்,
ஒரு படம், வெள்ளிக்கிழமைக்குள்.

நூலகத்து ஹீட்டரைக் காலால் தட்டி எழுப்பிவிட்டு
வெல்த்தா 1911-ஐத் தூக்கிவந்து வைத்தாள்.
முள் முள்ளாய் அந்தக் காலத்து அச்சு.
வாய்விட்டு எழுத்துக்கூட்டினால்தான்
எங்கள் லாத்விய மொழி ஆகிறது.

அக்டோபர் பதினான்கு, திறப்புவிழா.
கவர்னரின் கோச்சு வண்டி முதலில் கடந்தது.
மழை. மூன்று சொற்பொழிவுகள்.
அதே பக்கத்தின் அடியில்,
கட்டைவிரல் அகலத்தில்:
*காணவில்லை. செம்பசு. இடக்கொம்பு முறிந்தது.
கண்டுசொல்வோருக்கு ஒரு ரூபிள்.
யேக்கப்ஸ் த்ஸீருலிஸ், ஆலைக்கரை.*

அடுத்த வாரம் இரண்டு ரூபிள்.
பிறகு சணல் விலை, வாய்க்கால் வழக்கு,
யாரோ இருவருக்குக் கல்யாணம்,
பசுவுக்கு நாலு.
ஆறாம் வாரம் ஒரு வரி கூடியிருந்தது:
*சாது. பேர் சொன்னால் திரும்பும்.*
பேர் என்னவென்று போட மறந்துவிட்டார் மனிதர்.

பாலத்தை விட்டேன்.
பசுவின் பின்னால் போனேன்.

கடிதங்கள் வேறு வழியில் வந்தவை.
ரீகாவில் ஒரு வீட்டைக் காலிசெய்தவர்கள்
பூட்ஸ் பெட்டியோடு அனுப்பிய கட்டு.
ஒட்டீலியா தங்கைக்கு எழுதுகிறாள்,
நவம்பரில், பென்சிலால்:
*குழந்தை தேறிவிட்டான். பால் ஏது என்று கேட்காதே.
திறப்புவிழாவுக்கு இரண்டு ராத்திரி முன்னால்
குளம்பு நாலுக்கும் சாக்குத் துணி சுற்றி
புதுப் பாலத்தில் ஓட்டிவந்தோம். தார் இன்னும் காயவில்லை.
படித்ததும் இதை அடுப்பில் போடு.*

தங்கை போடவில்லை.
அவளுக்கு ஒரு கும்பிடு.

டிசம்பர் கடைசி இதழில்
யேக்கப்ஸின் விளம்பரம் மறுபடி.
கோபெக் எண்ணிக் கொடுத்து இதை அச்சேற்றியிருக்கிறார்:
*பசு இனித் தேடப்படவில்லை.
வைக்கோல் மிச்சம் உண்டு.
கொட்டகைக்கு இரவில் பூட்டு இல்லை.*

ஜனவரிக் கடிதத்தில் ஒட்டீலியா
குளிரைப் பற்றி ஒரு பக்கம், உருளைக்கிழங்கைப் பற்றிப் பாதி,
ஓரத்தில் குறுக்காக:
*பத்திரிகை பார்த்தேன்.
அன்று சாயங்காலம் கறக்கக் கை வரவில்லை.*

நாளை வெள்ளி.
'முதலில் கடந்தது' என்று எழுதி
அடுத்த சொல்லுக்கு முன் உட்கார்ந்திருக்கிறேன்.
விளக்கணைக்க வந்த வெல்த்தா
தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டுக் கேட்டாள்:
பசுவின் பேர் கிடைத்ததா?

ஒட்டீலியா வைத்த பேர் இருக்கிறது.
அதைச் சொல்லிக் கூப்பிட்டால்
கடைசிவரை திரும்பவே இல்லையாம்.