தோன்றா எழுவாய்

மூன்று நாள் பயிற்சி, மூன்றாம் மாடி.
வெளியே கப்பன் பார்க் மரங்கள் நனைந்துகொண்டிருந்தன.
புரொஜெக்டர் இரண்டு தரம் அணைந்தது.
இருபத்திரண்டு பேர்:
புதிதாய் வந்த எஸ்.ஐ.கள், சட்டம் படித்த பிள்ளைகள்,
கோலாரிலிருந்து மாற்றலாகி வந்த முஜீப்,
கடைசி வரிசையில் நான்.
பதினெட்டு வருஷமாய்த் தமிழ் மனுக்களை
ஆங்கிலமாக்கித் தட்டச்சிடுபவள்.
இந்த மாதம் முதல் விசாரணை உதவியாளர்;
சம்பளம் அதேதான்.

முதல் நாள் அளவெடுக்கக் கற்றோம்.
லாக்கப் கம்பி தரையிலிருந்து எத்தனை அடி,
அதில் தொங்கியதாய்ச் சொல்லப்படுபவர்
எத்தனை அடி.
மஞ்சப்பா நாற்காலி மேலேறி டேப்பைப் பிடிக்க
எல்லோரும் சிரித்தோம்.
லவீனா மேடம், என் மகளைவிட இரண்டே வயது மூத்தவர்,
இரண்டு எண்களையும் பலகையில்
பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்.
கம்பியின் எண் சிறியது.
மஞ்சப்பா நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார்.

இரண்டாம் நாள் கேள்விகள்.
'அடித்தார்களா?' என்று கேட்காதே.
'என்ன நடந்தது?' என்று கேள்.
பிறகு சும்மா இரு.
எதிரெதிரே உட்கார்ந்து கடிகாரம் வைத்துப்
பழகிப் பார்த்தோம்.
முஜீபால் பதினொரு விநாடிதான் முடிந்தது.

மூன்றாம் நாள் ஒரு பழைய கோப்பு.
பெயர்களின் மேல் கருப்பு மை.
மனுவில் பலர் அடித்ததாகச் சொல்கிறார்,
நேரில் ஒருவர் என்கிறார்.
முரண்பாடு. நம்பத்தக்கதல்ல. முடித்துவைக்கப்பட்டது.
எங்கே தவறு, கண்டுபிடியுங்கள்.

இரண்டாம் பக்கத்தில்
ஒவ்வொரு கமாவுக்கு முன்னாலும் ஓர் இடைவெளி.
அந்தப் பழக்கம் இந்த அலுவலகத்தில்
எனக்கு மட்டும்தான்.

கருப்பு மைக்கு அடியில் இருந்தவர் சவரியப்பன்.
சிவாஜிநகர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்.
இடது காதில் பஞ்சு.
எழுதத் தெரியாது, எதிரில் உட்கார்ந்து சொன்னார்:
"அடிச்சாங்கம்மா.
நாற்காலில உக்காந்துகிட்டே அடிச்சாங்க."
தே பீட் மீ என்று தட்டினேன்.
நாற்காலி ஒன்றுதானே என்று
எனக்குத் தோன்றவில்லை.

அடித்தது ஒரே ஆள்.
காது கிழிந்த பிறகும்
அவருக்குக் கொடுக்கவேண்டிய மரியாதையை
சவரியப்பன் குறைக்கவில்லை.

எழுவாய் வெளியே தெரியாமல் வந்தால்
வினையின் விகுதியைப் பார்த்துக் கண்டுபிடி என்று
பள்ளியில் சொல்லித்தந்தார்கள்.
அந்தப் பரீட்சையில் எனக்கு முழு மதிப்பெண்.
'ஆங்க' என்று முடிந்தால்
அது பன்மையா பயமா என்று
யாரும் கேட்டதில்லை.

சட்டம் படித்த பெண் மருத்துவச் சான்றிதழின் தேதியைச் சொன்னாள்.
மஞ்சப்பா சாட்சி இல்லை என்றார்.
நான் எழுந்து சொன்னேன்.
கன்னடத்திலும் அப்படித்தானே, ஹொடெதரு,
ஒருவரா பலரா அது மட்டும் சொல்லாது.
அறையில் பாதிப் பேர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள்:
ஹொடெதரு. ஹொடெதரு.

"இதை மொழிபெயர்த்தது யார்?"
யாரோ முன்வரிசையில்.
கோப்பின் அடியில்
'மொழிபெயர்க்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது.
அந்த இடத்தில்
கருப்பு மைக்கு வேலையே இருக்கவில்லை.

நேற்றுப் பழகியபடி
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
மழைச் சத்தம் கேட்டது.
"நான்தான்" என்றேன்.

கடைசியில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள்.
பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா? ஆம், இல்லை.
அதன் முதுகில் மனு எண்ணை எழுதி மடித்துக்கொண்டு
ரிக்கார்டு ரூம் சாவி யாரிடம் என்று
விசாரித்தபடி
படியிறங்கினேன்.