நிலை ஐந்து

கொள்ளுப்பிட்டி, ஆறாம் மாடி, இரவு ஷிப்ட்.
நாற்பத்தொரு கிளைகளின் ரவுட்டர்களும்
எதுவென்றாலும் என் சேர்வருக்குத்தான் சொல்லும்,
ஐந்நூற்றுப் பதினான்காம் போர்ட் வழியே.
சொல்லிவிட்டு நிற்காது.
கேட்டதா என்று கேட்காது.

பூச்சியம் என்றால் எல்லாம் முடிந்தது.
ஏழு வெறும் முணுமுணுப்பு.
இடையில் வருவதை நான் பிரிப்பேன்:
இது டிஸ்க்குக்கு, இது என் போனுக்கு,
இது எங்கேயும் வேண்டாம்.

வெல்லம்பிட்டிக் கிளைக்கு மட்டும் மணிக்கூடு பிழை.
கரண்ட் போய் வந்தால்
தொண்ணூற்று மூன்று மார்ச் முதலாம் திகதியில் கண் விழிக்கும்,
நான் பிறக்க இன்னும் மூன்று வருசம் இருக்கிற ஒரு நள்ளிரவில்.
இணைப்பு விழுந்தது. எழுந்தது. விழுந்தது.
ஒரு ராத்திரிக்கு இருநூறு தரம்.

பொறுக்காமல் ஒரு வரி எழுதினேன்:
வெல்லம்பிட்டி என்றால், எறி.
அன்றைக்குப் பிளேன்ரீ ஆறாமல் குடித்தேன்.

பிறகு களனி கங்கை வீதிக்கு ஏறிய கிழமை.
என் திரையில் ஒரு சலனமும் இல்லை.

எறிவதற்கு முன் ஒரு பிரதி
கண்டியிலுள்ள சேர்வருக்குப் போகும்,
நானே வைத்த விதி, நானே மறந்தது.
விடிந்து அங்கே போய்த் தேடினேன்.
விழுந்தது, எழுந்தது, விழுந்தது,
கடைசியில், கரண்ட் அறுந்த பிறகு
கொண்டென்சரில் மிஞ்சிய துளியைக் கொண்டு
ஒரே ஒரு பொட்டலம்.
அதற்குக் கம்பனி வைத்த பெயர் 'இறுதி மூச்சு.'
அது போட்ட திகதி தொண்ணூற்று மூன்று.
கண்டி போட்டது: அதிகாலை மூன்று பன்னிரண்டு.

தண்ணீர் வடிந்ததும் போனேன்.
ராக்கின் நாலாம் தட்டுவரை சேற்றுக் கோடு.
காவலாளி விமலதாச கவுண்டர் மேல் ஏறி இருந்தாராம்.
தலைமைக் கந்தோருக்கு ஏழு தரம் அடித்தாராம்.
"சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு
என்றது மிஸ். இரண்டையும் அமத்திப் பார்த்தேன்."
சிரித்தார். எனக்கு வரவில்லை.
அந்த ஏழும் யாரும் திறக்காத
ஒரு குரல் பெட்டியில் இருக்கும்.

புது ரவுட்டரைப் பூட்டினேன்.
அந்த ஒரு வரியை அழித்தேன்.
மணிக்கூட்டைத் திருத்த முன்பே
அது பேசத் தொடங்கிவிட்டது,
மார்ச் முதலாம் திகதி, தொண்ணூற்று மூன்று:
மீண்டும் தொடங்கினேன்.

நிலை ஐந்து.
கையேட்டில் அதற்கு விளக்கம்:
வழமையானது, ஆனாலும் கவனிக்க வேண்டியது.