வலிக்காத ஒன்று

தாண்டிக்குடியில் சிக்னல்
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் கிடைக்கும்.
புதன்கிழமை இரவுகளில் அங்கே நின்று
குடையும் கையுமாக
லண்டனுக்குக் கணக்கு ஒப்பிப்பேன்:
பொறிகள் நாற்பது, எலிகள் ஒன்பது,
காய்ச்சல்காரர் பதினேழு பேர்,
வடு உள்ளவர் நான்கு.
நான்கு போதாது என்பார்கள்.
கனிவாகத்தான் சொல்வார்கள்.

காப்பித் தோட்டத்து வேலியோரம்
சடையாண்டி பொறி வைப்பார்,
கருவாட்டைச் சுட்டு, எண்ணெயில் புரட்டி.
"நம்ம எலி வெறுந் தேங்காய்க்கு மயங்காது டாக்டர்."
விடியலில் எலியின் காதுமடலைத் திருப்பினால்
மிளகாய்த்தூள் சிந்தியது போல உண்ணிக் குஞ்சுகள்.
தூரிகை நுனியால் ஒவ்வொன்றாய்த் தொட்டெடுத்து
ஸ்பிரிட்டில் போடுவேன்.
எம்.டி. முடித்த கையோடு
இதற்கா போனாய் என்று அப்பா போனில் கேட்டார்.
சாப்பிட்டீர்களா என்று நான் கேட்டேன்.

இந்தக் கடி வலிக்காது.
ஊறாது, உறுத்தாது,
கறுத்துப் பொருக்குத் தட்டிக் கிடக்கும்.
சிகரெட்டால் சுட்டது போல, என்கிறது பாடப்புத்தகம்.
எங்கே தேட வேண்டும் என்றும் சொல்கிறது:
அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி,
பாவாடை நாடா இறுகும் இடம்.

ஒச்சம்மாள், முப்பத்தொன்று,
உசிலம்பட்டிப் பக்கம்,
காப்பிப் பழம் பறிக்க வந்தவர்.
காய்ச்சலுக்கு அன்று எட்டாம் நாள்.
மறைப்புத் துணிக்குள்
நாடாவைத் தளர்த்தச் சொல்லி டார்ச் அடித்தேன்.
ஒன்று.
என் நெஞ்சு துள்ளியது, மறைப்பானேன்,
ஐந்தாவது ஆள் கிடைத்தார் என்று.
பக்கத்தில் இன்னொன்று.
இன்னொன்று.
இடுப்பைச் சுற்றி மொத்தம் ஐந்து.

உண்ணி இப்படி வரிசையாகக் கடிக்காது.

துணிக்கு அந்தப் பக்கம்
அவர் வீட்டுக்காரர் இருமினார்.
நர்ஸ் ஜெசிந்தா எழுந்து போய்,
"அண்ணே, சீட்டுல கையெழுத்து விட்டுப்போச்சு, வாங்க" என்று
அவரை வராந்தாவின் மறுமுனைக்குக் கூட்டிப்போனாள்.
விட்டுப்போன கையெழுத்து எதுவும் இல்லை.

எது எப்போது வந்தது என்றேன்.
படிவத்தில் இருக்கிற கேள்விதான் அது,
வேறொன்று எனக்கு வாயில் வரவில்லை.
ஒச்சம்மாள் ஒவ்வொன்றாய் விரல் வைத்துச் சொன்னார்,
ரேஷன் அட்டையில் பெயர் சரிபார்ப்பது போல:
இது போன திருவிழாவுக்கு.
இது கொழுந்தன் கல்யாணத்தன்னிக்கு.
இதும் இதும் ஒரே ராத்திரி.
இந்தா, இதுதான் எப்படின்னு தெரியல டாக்டர்.
இது வலிக்கவே இல்ல.

டாக்ஸிசைக்ளின் நூறு மில்லிகிராம்,
காலை, இரவு, ஏழு நாள்.
நாளை மறுநாள் காய்ச்சல் இறங்கிவிடும் என்றேன்.
இவ்வளவு உறுதியாகச் சொல்ல
மருத்துவத்தில் எனக்கு இது ஒன்றுதான் தெரியும்.

ரத்தம் ஐஸ் பெட்டியில்
இரண்டு மணி பஸ்ஸில் வத்தலக்குண்டுக்கு இறங்கியது.
மீனா என்று கேட்டார் கண்டக்டர்.
ஆமாம் என்றேன், எப்போதும் போல.

வடுக்களின் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
அது சரியான விடை.
மீதி நான்கிற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதினால் கணினி ஏற்காது.
ஓரத்தில் எழுதினேன், முதலில் பென்சிலில்.
பிறகு அதன்மேலேயே பேனாவில்.

மாத்திரை உறையின் உட்பக்கம்
மூன்று இலக்க எண் ஒன்றை எழுதிக் கொடுத்தாள் ஜெசிந்தா.
ஒச்சம்மாள் அதைப் பார்த்தார்,
உறையை மடித்தார்.
"இங்க எங்க டவர் கிடைக்கும்?"
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்றேன்.

புதனன்று ஐந்து என்றேன்.
நல்லது என்றார்கள் லண்டனில்.
ஓரக் குறிப்பு ஒன்று இருக்கிறது என்றேன்,
அதற்குள் படம் உறைந்துவிட்டது,
ஒருவர் வாய் திறந்தபடி நின்றார்.
வெளிச்சத்தைக் கீழே இறக்கினேன்.
தொட்டியடிச் சேற்றில் ரப்பர் செருப்புத் தடம்,
சின்னது, மழை இன்னும் அழிக்காதது.
யாருடையதாகவும் இருக்கலாம்.
ஊரே இங்கே வந்துதான் பேசுகிறது.