செக்ரோல்

மஞ்சக்குட்டைக்கு மேலே, எஸ்டேட்டில்
பதினோரு வருஷமாய்ச் செக்ரோல் எழுதுகிறேன்.
வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் சுழி.
சடைச்சி, க/பெ கரிராமன்.
அவள் வரிசையில் சுழிகளே அதிகம்.
'அவ சுழி அப்படி' என்பார் மேஸ்திரி,
நானும் சிரித்திருக்கிறேன்.

கார்த்திகைப் பனி இறங்கினால் மூன்று நாள்.
நனைந்துகொண்டே பழம் பறித்த வாரம் ஐந்து நாள்.
மோட்டார் கெட்டு, குடிக்கத் தண்ணீர் ஏறாத மாசியில்
பாதி மாதம்.
'எலும்புக்குள்ள யாரோ ஒக்காந்து
கல்லு ஒடைக்கிறாங்க சார்.'
இருபத்தாறு வயசில் என்ன எலும்பு வலி என்றேன்.
கண்ணின் மஞ்சளைப் பார்த்துக்
கீழாநெல்லி தின்னச் சொன்னேன்.
பிறகு சுழி போட்டேன்.

தை மாதம் ஒருநாள்
மிளகு ஏற்றும் ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே
இருபது கொண்டை ஊசி வளைவும் அவளை இறக்கினார்கள்.
தண்ணீர் கேட்டாளாம் பன்னிரண்டாவது வளைவில்.
வாந்தி வரும், வேண்டாம் என்றானாம் டிரைவர்.

சேலம் பெரியாஸ்பத்திரியிலிருந்து கரிராமன் போன் செய்தான்:
'எந்தெந்த மாசம் படுத்தான்னு டாக்டர் கேக்குறாரு.
எனக்கு ஞாபகமில்ல சார். உங்க நோட்டுல இருக்குமே.'

இருந்தது.
பழைய நோட்டுகளை இறக்கித் தூசி தட்டி
மாதம் மாதமாய்ச் சுழிகளை வாசித்தேன்.
அந்தப் பக்கம் யாரோ எழுதிக்கொண்டே வந்தார்கள்.
நடுவில் ஒருமுறை, 'மெதுவா சொல்லுங்க' என்றது
ஒரு பெண் குரல்.

பங்குனியில் முகாம் போட வந்தாள் நர்ஸ் எமல்டா.
ரத்தத்தில் கோளாறு என்று தெரிந்தால்
பெண் யார் எடுப்பார், பெண் யார் கொடுப்பார்?
கூட்டம் பலாமரத்தடியோடு நின்றுவிட்டது.
நான் விரலை நீட்டினேன்.
குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட காகிதம் வைத்தாள்.
கோடு தெரிந்தது எனக்கு.
அடுத்து வந்தது கரிராமன்.
குழாய் கலங்கி, பனி மூடியதுபோல்
கோடுகள் காணாமல் போயின.

'எனக்கு ஒண்ணும் வலிக்கலியே?'
'வலிக்காமலும் உள்ளே இருக்கும். கீழே அனுப்பிப் பார்க்கணும்.
ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா
பிள்ளை பெறுவதற்கு முன்னே வந்து பேசுங்க.'

அவள் காட்டிய படத்தில் வட்டங்களுக்கு நடுவே
சில மட்டும் அரிவாளாய் வளைந்திருந்தன.
அவசரத்தில் நான் மூடாமல் விட்ட சுழிகள்போல.

சடைச்சி இப்போது வெயில் ஏறியபின் வருகிறாள்,
களத்தில் காயவைக்கும் வேலை.
பக்கத்தில் ஒரு குடம், தொட்டால் திட்டுவாள்.
வராத நாளில் சுழிக்குப் பதில்
'வலி' என்று எழுதுகிறேன்.
இது என்ன புதுக் கணக்கு என்று
நேற்று மேனேஜர் கேட்டார்.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.