செக்கனுக்கு ஒரு மீற்றர்

டோர்ட்மண்டிலிருந்து வந்த பொதியில்
சொக்லேட்டுக்கும் தலையிடித் தைலத்துக்கும் இடையில்
பழைய காற்சட்டை சுற்றி
இந்த வேரியோமீற்றர் இருந்தது.
நடுவே பூச்சியம்,
மேலே ஐந்து, கீழே ஐந்து.

யூட் அமலதாஸ் அதைப்
பெரியாஸ்பத்திரியில் என் மேசையில் வைத்தான்,
நான் திருத்தும் பிறஷர் கருவிகளுக்கு நடுவில்.
"உமக்குத்தான் ரியூப் வேலை தெரியும்."
தெரியும்.
மனிசருக்குள் ஓடும் அழுத்தத்தைப்
பதினொரு வருசமாய் அளக்கிறேன்.
மனிசர் ஏறிப்போகும் அழுத்தம் புதிது.

அராலியில், மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலையில்
அவன் கட்டிய கிளைடர்:
ஒரு செட்டை பூட்டி,
மற்றதைச் சுவரில் சாய்த்து.

உயரத்தை இந்தக் கருவி சொல்லாது.
ஆயிரம் அடியில் அப்படியே மிதந்தாலும் பூச்சியம்தான்.
வெளியே காற்று மெலிய மெலிய
குடுவைக்குள் அடைபட்ட காற்று
வெளியே வர முண்டும்.
அந்த முண்டலின் அவசரம் எவ்வளவு,
முள்ளுக்குத் தெரிந்தது அவ்வளவே.

குடுவைக்கென்று கஸ்தூரியார் வீதியில்
ஒரு லீற்றர் பிளாஸ்க் வாங்கினோம்.
பிள்ளைக்குப் பால் கொண்டுபோகவோ என்றார் கடைக்காரர்.
ஓமென்றோம்.
சட்டி தேய்க்கும் கம்பிநூலை உள்ளே அடைத்தோம்,
சூடேறிக் குளிர்ந்து
காற்று பொய் சொல்லாதிருக்க.

இன்னொரு பொய் ஓட்டியின் கையில் இருக்கிறது.
வேகமாய்ப் போகையில் தடியை இழுத்தால்
மூக்கு நிமிரும், முள் துள்ளும்,
காற்றுத் தூக்குகிறதென்று நெஞ்சு நிறையும்.
காற்று ஒன்றும் தரவில்லை.
உன் வேகத்தை நீயே
உயரமாய் மாற்றிக்கொண்டாய்,
உண்டியலை உடைத்தவன்
சம்பளம் வந்ததென்று சொல்வதுபோல.
அதைக் கழிக்கத்தான் வாலின் உச்சியில்
துளையிட்ட பித்தளைக் குழல்.
நாலு பிழைத்து, இது ஐந்தாவது.

பிறகு கசிவு.
சிரிஞ்சால் துளி காற்றை இழுத்து
நுனியை மடித்துப் பிடித்தால்
முள் பூச்சியத்துக்கு வந்து நிற்கவேண்டும்.
நிற்கவில்லை.
அசையாத கொட்டகைக்குள் நின்றபடி
கீழே கீழே என்றது.
மூட்டு மூட்டாய்ச் சவர்க்கார நுரை பூசினேன்.
மூன்றாவது மூட்டில் தலைமயிர் வெடிப்பு,
ஒரே ஒரு குமிழி.
வாயால் உறிஞ்சப் போனவனின் கையைத் தட்டினேன்:
உன் ஒரு மூச்சு அதற்கு ஒரு மலை,
முள் முறிந்துபோகும்.

சரிபார்க்க உயரம் வேண்டும்.
யாழ்ப்பாணத்தில் அதற்கு எங்கே போவது?
தண்ணீர்த் தாங்கியில் ஏறச் சபை விடாது.
ஆஸ்பத்திரி லிப்ற்றின் வேகம்
லிப்ற்றுக்கே தெரியாது.
"மேல இல்லாட்டிக் கீழ" என்றான்
லொறியில் விஞ்ச் பூட்டித் தந்த சப்றாஸ்.

தோட்டக் கிணறு.
வாளிக்குள் பிளாஸ்க், கருவி, பற்றரி,
நான் ஒட்டிய சின்ன ஒலிப்பெட்டி.
கயிற்றில் மீற்றருக்கொரு சிவப்பு நூல்.
செக்கனுக்கு ஒரு நூலாய் இறக்கினோம்.
கிணற்றுக்குள்ளிருந்து முனகல்.
ஏழாவது நூலில்,
தண்ணிக்கு ஒரு சாண் மேலே,
நிறுத்தினோம். முனகலும் நின்றது.

இழுத்தோம்.
கூவியது, விட்டு விட்டு,
பட்டத்தில் கட்டிய விண்போல.

வேலிக்கு அங்கால் வெங்காயம் கிண்டிய இராசமலர்
முதலில் வானத்தைப் பார்த்தா.
அந்தப் பழக்கம் எங்களுக்கும் உண்டு,
நாங்களும் பார்த்தோம்.
பிறகுதான் கிணற்றடிக்கு வந்தா.
"என்ன விழுந்தது உள்ள?"
"விழேல்லை அக்கா. ஏறுது."

முள் காட்டியது பூச்சியம் தசம் எட்டு.
திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினேன்.
மறுபடி வாளி.
மறுபடி கால் சுற்று, அதில் பாதி பின்னுக்கு.
சப்றாஸின் உள்ளங்கையில் கயிறு சிவந்தது.
ஒன்பதாவது தரம்
ஒன்றில் ஏறி
ஒன்றிலேயே நின்றது முள்.

பறக்க அனுமதி கேட்ட கடிதம்
கொழும்பில் எந்த மேசையிலோ.
குறிப்பேட்டில் திகதி போட்டு எழுதினேன்:
ஏறிய உயரம், ஏழு மீற்றர்.
எட்டிய உயரம், தரை.