சூரியன் இல்லாத மாதத்து நிறம்

நவம்பர் இருபத்துமூன்றில் ஒருமுறை தலைகாட்டிவிட்டு
வார்டோவைக் கைகழுவிப் போனது சூரியன்.
அதற்குப் பிறகுதான் நீ கறுக்கத் தொடங்கினாய், ஆஸ்லௌக்.

கூட்டுறவுக் கடையில் கேட்டார்கள்:
‘கேனரித் தீவுக்குப் போனீர்களா, சொல்லவே இல்லையே?’
சிரித்தாய்.
சிரித்தபோது ஈறில் மை.
பல் டாக்டரைப் பார் என்றேன்.
அவ்வளவுதான் என் வைத்தியம்.

போன இலையுதிர்காலத்தில் மீன்கத்தி கிழித்த தழும்பு
கரிக்கோடாய் விழித்துக்கொண்டது.
வெள்ளரி ஊறுகாய் ஜாடியில்
வெள்ளரி அப்படியே கிடக்க
தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.
காட் மீன் பெட்டியின் மூலையில் தங்கிய கல்லுப்பை
ஓர் இரவு மிட்டாய்போல் அதக்கிக்கொண்டிருந்தாய்.
‘நாக்கு கேட்கிறது.’
நாக்கின் பின்னாலிருந்து கேட்டது யார் என்று
எனக்கு என்ன தெரியும்?
சிறுநீரகத்தின் தலையில் தொப்பியாய் உட்கார்ந்திருக்கும்
சுரப்பிகள் இரண்டும்
கடையைச் சாத்திக்கொண்டிருந்ததை எவன் கண்டான்?

உன் பெல்ட்டில் புதிதாய் மூன்று துளை போட்டதே நான்தான்,
ஆணியும் சுத்தியலும் கொண்டு.
எழுந்தால் சுவரைப் பிடித்தாய்.
தரையிலும் உனக்கு அலையா என்று கேலி வேறு.

ஜனவரியில் ஊரெல்லாம் வாந்திபேதி.
மற்றவர்கள் இரண்டே நாளில் எழுந்தார்கள்.
நீ வயிற்றைப் பிடித்துச் சுருண்டவள் சுருண்டபடி.
பிறகு பேச்சு குழறியது.
என்னை ஹால்வார் என்று கூப்பிட்டாய்.
ஹால்வார் உன் தம்பி. கடலோடு போனவன்.
‘வலையை இழு ஹால்வார், கை குளிர்கிறது.’

புயல். ஹெலிகாப்டர் வராது என்றது தொலைபேசி.
கடலடிச் சுரங்கத்துக்கு அப்பால் சாலையை மூடியிருந்தார்கள்.
சுகாதார நிலையத்தில் இருந்தவள்
வந்து மூன்று வாரமே ஆன லிதுவேனியப் பெண், டாக்டர் டைவா.
கையில் பட்டையை இரண்டு முறை சுற்றினாள்.
மேல் எண் எழுபது.
கீழ் எண்ணை அந்தக் கருவி சொல்லவே இல்லை.
விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரையும் அடிமட்டத்தில்.
உன் உள்ளங்கையை விளக்கருகே திருப்பினாள்,
ஜோசியம் பார்ப்பவள்போல.
ரேகை ஒவ்வொன்றிலும் தேயிலைக் கறை.
நிமிர்ந்து என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று:
‘இந்த ஊரில் கடைசியாய் எப்போது வெயில்?’

தேதியைச் சொல்லி முடிப்பதற்குள்
மருந்துக் குப்பியைத் திறந்திருந்தாள்.
ரத்த முடிவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.
நூறு மில்லிகிராம்.
கூடவே, கம்பியில் தொங்கிய பையிலிருந்து
சொட்டக்கூட நேரமில்லாமல் ஓடி இறங்கியது
உப்புத் தண்ணீர்.

விடிகாலை என்று கடிகாரம் சொன்ன இருட்டில்
கண் திறந்தாய்.
‘தோரால்ஃப், உன் சட்டை நாறுகிறது.’
என் பெயர். என் பெயரேதான்.

மேகத்தின் அடி கறுத்தால் வலை சுருட்டத் தெரிந்தவன் நான்.
அதற்கு மேல் இதைப் பற்றிப் பேச வரவில்லை.

இப்போது ஜூன். நள்ளிரவிலும் வெயில்.
ஊர் முழுக்கக் கறுக்கிறது,
நீ மட்டும் வெளுத்துக்கொண்டு வருகிறாய்.
சமையலறையில் ஆரஞ்சுப் பழங்களுக்கு
ஊசி போட்டுப் பழகுகிறேன்.
‘தொடையில், நேராக, தயங்காமல்’ என்கிறது தாள்.
பழம் கத்துவதில்லை, கை எனக்குத்தான் நடுங்குகிறது.
ஏற்றுவது வெறும் தண்ணீர்தான்.
குத்தி முடித்ததை நீ உரித்துத் தின்கிறாய்,
உப்புத் தொட்டு.