கீழ்த்தட்டு

சம்மாந்துறை மில்லின் மேல்மாடி.
விசைப்பலகையில் உமித்தூசி.
கீழே தராசுப்பாலத்தில் லொறி ஏறினால்
என் தேத்தண்ணி நடுங்கும்.

முதல் கேள்வி:
இங்கே மனிதர் எத்தனை பேர்?

பழைய பதிவில் ஆதம்பாவா நாலு பேர்.
நெல் விற்கும் ஆதம்பாவா,
தவிடு வாங்கும் எம்.ஏ. பாவா,
முற்பணம் எடுத்த ஆதம்பாபா,
ஒரு கிழமை லொறி ஓட்டித் தந்த 'பாவா காக்கா',
முகவரி: பள்ளிக்குப் பின்னால்.
நாலு பேருக்கும் ஒரே கைபேசி எண்.
நெல்லுக்காரருக்கு மில் கடன்,
முற்பணக்காரர் மில்லுக்குக் கடன்,
ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை.

அம்பாறைப் பக்கத்துச் சோமதிலக
எழுதியவர் காதைப் பொறுத்து
மூன்று விதமாகப் பிறந்திருந்தார்.

ஆளை ஒரு டேபிளில் வைத்தேன்.
ஆள் செய்யும் வேலைகளை இன்னொன்றில்.
நடுவே ஓர் எண்ணை மட்டும் கட்டினேன்,
மாட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் கயிறு மாதிரி:
எங்கும் மேயலாம், அவிழாது.

பிறகு தட்டுகள்.
கீழ்த்தட்டில் தராசு சொன்னது, சொன்னபடி.
பிழை சொன்னாலும் பிழையாகவே.
சுமைகாரன் ஒருவன் தனியே நின்ற நேரம்
எட்டாயிரம் கிலோ என்று விழுந்தது ஒரு வரி.
காசாளர் றிஸ்மியா வயிறு நோகச் சிரித்துவிட்டு
அழி என்றாள்.
ஒண்ணா என்றேன்.
நடுத்தட்டில் விதிகள்:
ஈரக் கழிவு, பதர்,
சாக்குக்கு மூடைக்கு ஒரு கிலோ.
மேல்தட்டு ஹாஜியாருக்கு:
ஒரு பச்சைக் கோடு, ஒரு சிவப்புக் கோடு.

"எனக்கு ஒரு எடை போதும் புள்ள.
மூணு எடை வச்சிருக்கிறவன் யாவாரி இல்ல, கள்ளன்."

பதில் இருந்தது.
சொல்லாமல் கட்டி முடித்தேன்.

மாசியில் ஆதம்பாவா படியேறி வந்தார்,
பொலித்தீன் பை நிறையத் துண்டுகளோடு.
இருநூற்றுப் பதினாலு மூடை.
"மூடைக்கு ஒரு கிலோ எங்க போகுது?"

மேல்தட்டைப் பார்த்தேன், சரி.
நடுத்தட்டைப் பார்த்தேன், அதுவும் சரி,
விதி எழுதியவள் நான்,
என் கண்ணுக்கு அது அழகாகவே இருந்தது.
கீழ்த்தட்டு: கழித்தல் சரி.
இன்னும் கீழே இறங்க
மரப்படிதான் மிச்சம்.

தராசுக் கூண்டில் சுபைர்தீன்
வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.
"சாக்க நான் இங்கேயே கழிச்சிட்டுத்தானே அனுப்புறன்?
மார்கழியில புதுப் பெட்டி பூட்டினதுல இருந்து."
ஒரு மஞ்சள் பொத்தானைக் காட்டினார்.

கீழ்த்தட்டு என்று நான் பெயரிட்டது
கீழ்த்தட்டே அல்ல.
அதற்கும் கீழே ஒரு கூண்டு,
ஒரு மனிதர், ஒரு விரல்.
யாருக்கும் கெடுதல் நினையாத இருவர்
ஒரே சாக்கை இரண்டு முறை கழித்திருக்கிறோம்,
பதினேழாயிரத்துச் சொச்சம் மூடைக்கு.

ஹாஜியார் வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
"எத்தனை பேருக்கு?"
முன்னூற்று எண்பத்தாறு என்றேன்.
போன வருடம் கேட்டிருந்தால்
தொள்ளாயிரம் என்றிருப்பேன்.
"குடுக்கத்தான் வேணும்" என்றார்,
பிறகு, எழும்பும்போது,
"முற்பணம் இருக்கிறவனுக்கு அதுல கழி."

கழிந்தது.
நாலு ஆதம்பாவாவையும் ஒருவராக்கியவள் நான்,
அந்த ஒருவரின் கைக்கு
ஒரு சதமும் வரவில்லை.

அன்றிரவு புதிதாக ஒரு நிரல் சேர்த்தேன்:
சாக்கைக் கழித்தது யார்?
தராசு, விதி, தெரியாது.
மார்கழிக்கு முந்திய வரிகளில்
விதி என்று எழுத விரல் போனது.
தெரியாது என்றே போட்டேன்.

அடுத்த கிழமை தவிடு வாங்க வந்தார்.
முகம் கொடுக்கவில்லை.
பெயர் என்ன என்று வழமைபோல் கேட்டேன்.
"முகம்மது பாவா. புது ஆள். எழுது."

பழைய கைபேசி எண்தான்.
எழுதினேன்,
கீழ்த்தட்டில்,
சொன்னபடி.